பென்சில் கோடுகளுக்கு அடியில் நான்

அன்புள்ள அண்ணா,

நீ போய்ப் பத்து நாளாகிறது. காஜா பேராங் தெருவில் உன் ஸ்டூடியோ பூட்டியே கிடக்கிறது. அண்ணி சாவி கொடுத்ததால் நேற்று நான் மட்டும் உள்ளே போனேன்.

"அந்த மலைப் படத்து நெகட்டிவ தேடிக் குடு காந்தி. பதினாறாம் நாளுக்குப் பெருசாப் போட்டு மாட்டணும். அவரு எடுத்ததுலயே அதான் ஒசத்தி" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

எந்தப் படம் என்று நான் கேட்கவில்லை. நாடு விடுதலையான அந்த மெர்டேக்கா வாரத்தில் உன் கேமராவை வாங்கிக்கொண்டு கோட்டை மலை ஏறினேன். பழைய தேவாலயச் சுவரிலும் கீழே ஊரின் ஓட்டுக் கூரைகளிலும் மாலை வெயில் பொன்னாக இறங்கும்வரை காத்திருந்தேன். சூரியன் இறங்கும் கடலுக்கு முதுகு காட்டி நின்று, ஒரே ஒரு படம்.

"பிலிம்ல வெளிச்சம் பூந்துருச்சும்மா, ஒண்ணும் தேறல. நீ சொன்ன எடத்துக்கு நானே போயி எடுத்துட்டேன்" என்றாய். படத்தின் பின்னால் உன் பெயர் முத்திரை. எதற்கும் ஆதாரம் கேட்கிறவள், உன்னிடம் மட்டும் ஏன் கேட்கவில்லை?

அதை வாசல் கண்ணாடியில் வைத்த அன்று துணிக்கடை பாய் வந்தார். என் பிலிம் கெட்ட கதையை நீதான் அவரிடம் சொன்னாய். "டீச்சருக்கு சாக்பீஸ்தான் லா சரி. கேமராவ அண்ணன்கிட்ட உட்டுருங்க!" நீயும் சேர்ந்து சிரித்தாய். அதற்குப் பிறகு நான் கேமராவைத் தொடவில்லை.

நெகட்டிவை விளக்கில் பிடித்தேன். புல்தரை முழுக்கப் பென்சில் கோடுகள். கல்யாணப் பெண்ணின் தழும்பை மறைக்க நீ போடுவாயே, அதே பொறுமையான கோடுகள். உன் மேசையிலிருந்த டர்பன்டைனைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். அடியில், நெகட்டிவில் தெரிகிறபடி வெளிறிய ஒரு நீண்ட நிழல். கேமரா பிடித்த முழங்கைகள், காற்றில் விலகிய முந்தானை.

நீ என்றைக்கண்ணா சேலை கட்டினாய்?

பெண் எடுத்த படம் என்றால் ஆட்கள் வரமாட்டார்கள் என்று பயந்தாயா? கேட்டிருந்தால் பெயரைக் கொடுத்திருப்பேன். எனக்குக் கை வராது என்று ஏன் நம்பவைத்தாய்?

அண்ணியிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"இது நீயா?"

"ஆமா அண்ணி."

"பாய்லாம் வருவாங்களே..."

"வரட்டும்."

நெகட்டிவை உறையில் போட்டு என்னிடம் நீட்டி, "சரி, ஆணிய நானே அடிக்கிறேன்" என்றார்.

பட்டணத்தில் வேறொரு ஸ்டூடியோவில் பெரிதாகப் போடக் கொடுத்திருக்கிறேன். பதினாறாம் நாள் உன் மாலைக்குப் பக்கத்தில் அந்தப் படம் நிழலோடு தொங்கும். மறுநாள் மாலை உன் கேமராவோடு மலை ஏறுவேன். கை வருகிறதா என்று நானே பார்த்துக்கொள்கிறேன்.

புல்தரையில் இன்னும் நிற்கும்
உன் தங்கை,
காந்திமதி