பெட்டைக்கோழியின் ஒழுக்கம்

இளம்பிள்ளை
12-8-1937

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

இன்று விடிந்ததும் முதல் வேலையாக அடைக்கூடையைத் திறந்தேன். நீல ஆர்ப்பிங்டன் என்ற சீமை ஜாதிச் சேவலுக்கும் நீலப் பெட்டைக்கும் பன்னிரண்டு குஞ்சுகள்: ஆறு நீலம், மூன்று கறுப்பு, மூன்று புள்ளி விழுந்த வெள்ளை. பாதிதான் நீலமாகும் என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். பண்ணை முதலாளி வீரபாகு பட்டு வியாபாரி. சாயத்தில் தோய்த்த நூலைப் போலக் கோழியும் சொன்ன நிறத்தில் வரவேண்டும் அவருக்கு.

“ஏனுங்கம்மா, நீலத்துக்குக் கருப்பு எப்படிங்க பொறக்கும்? பொட்டை வேலி தாண்டியிருக்குது” என்றார் அவர்.

தீனி போடும் குப்பாயி, “அது தாண்டியிருந்தா புடிக்கப் பொறத்தால ஓடுறது நாந்தானுங்க. நானு ஓடலீங்களே” என்றாள்.

நான் பட்டணத்தில் படித்த விலங்கியலைவிட முதலாளிக்குக் கோழியின் ஒழுக்கம் நன்றாகத் தெரிகிறது. நீலமாகப் பிறக்காத போன வருஷத்துக் கறுப்புப் பெட்டைகளையும் புள்ளிச் சேவலையும் ஞாயிற்றுக்கிழமை கறியாக்கச் சொல்லிவிட்டார். அவை என் மூன்று வருஷ உழைப்பு.

நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் எடுத்து வையுங்கள். கோழியைத் தவிர வேறு எதைப் பற்றியாவது நீளமாகப் பேசவேண்டும். இங்கே என்னுடன் பேச ஆளில்லை. தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

ஒன்றை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கறுப்பும் புள்ளியும் சேர்ந்தால் பிறக்கும் குஞ்சு அத்தனையும் நீலம். அவர் கேட்கவில்லை, நான் சொல்லப் போவதுமில்லை. சனிக்கிழமை அந்தக் கறுப்புப் பெட்டைகள் இரண்டையும் அந்தச் சேவலையும் கறி விலைக்கு வாங்கிக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு உங்களிடம் வர ரயிலேறுகிறேன்.

உங்கள் மகள்,
ஞானம்மாள்