வேப்பமரத்தில் கட்டிய சேலை

எருத்தேன்பதி
19.8.1974

மாமாவுக்கு மருதாத்தாள் எழுதுவது.

நலமா என்று கேட்க இன்றைக்கு மனசு வரவில்லை. மத்தியானம் கடலைக் காட்டிலிருந்து வந்தேன். வேப்பமரத்தடியில் சேலை மட்டும் கிடந்தது, முடிச்சு அவிழ்ந்து. ஒன்பது வயதாகியும் நம் பூவாவுக்கு ஒரு பொத்தான் கழற்றத் தெரியாது, அவளா முடிச்சை அவிழ்ப்பாள்? தவழ்ந்து கிணற்றுக்குத்தான் போய்விட்டாள் என்று அலறினேன். ஆள்கள் இறங்கி அடிவரை துழாவினார்கள். நான் மேட்டில் உட்கார்ந்து மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பொங்கியண்ணன் சைக்கிளில் வந்து, "அம்மிணி, உங்கூட்டுக்காரன் புள்ளையத் தோள்ல போட்டுட்டுப் பொள்ளாச்சி பஸ் ஏறுனத நானே பாத்தனே!" என்றார்.

உங்கள் மகளை நீங்கள் தூக்கிப்போனீர்கள், சரி. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தானே இருந்தேன்?

சோற்றைக் கூழாகக் கரைத்து, தலையைத் தாங்கிப் பிடித்துக் கொடுங்கள். படுக்கவைத்துக் கொடுத்தால் புரையேறிவிடும்.

மருதாத்தாள்


மூணாறு
24.8.1974

மருதா,

சொல்லாமல் வந்து உன்னைச் சிரிக்கவைக்கலாம் என்றுதான் ஃபாக்டரியில் லீவு போட்டு வந்தேன். வந்து பார்த்தால் என் மகள் மரத்தில் கட்டிக் கிடக்கிறாள். அந்தப் பக்கம் கன்றுக்குட்டி, இந்தப் பக்கம் அவள். நான் ஊருக்கு வரும்போதெல்லாம் அவளை மடியைவிட்டு இறக்காதவள், நான் பஸ் ஏறியதும் இதைத்தான் செய்துகொண்டிருந்தாயா? நீயெல்லாம் ஒரு தாயா? உன் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல்தான் சொல்லாமல் வந்தேன்.

இங்கே எஸ்டேட்டில் ஆஸ்பத்திரி இருக்கிறது. கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகக் காப்பகம் இருக்கிறது, ஆயா இருக்கிறார். இனி யாரும் அவளைக் கட்ட மாட்டார்கள். நீ வர வேண்டாம்.

சென்னிமலை


எருத்தேன்பதி
30.8.1974

மாமாவுக்கு,

கட்டினேன். இல்லை என்று சொல்லவில்லை. என் பழைய சேலையில், இடுப்பு உறுத்தாமல், நிழல் பார்த்துத்தான் கட்டினேன். போன வருஷம் ஆடியில் அவள் கிணற்று விளிம்புவரை தவழ்ந்துபோய் எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் முதல் முடிச்சுப் போட்டேன். கிணற்றுக்குச் சுவர் எழுப்புங்கள் என்று நான் எத்தனை தரம் கேட்டேன், நினைவிருக்கிறதா?

சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மகளிர் சமாஜத்துப் பாலவாடிக்கும் தூக்கிப்போனேன். மலையாளத்து டீச்சர் பாவம், நல்லவள்தான். "அஞ்சு வயசுக்கு மேல சேர்க்கப் பற்றாது சேச்சி, முடியாது" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். உங்கள் தங்கை நாச்சம்மாள் ஒரு வாரம் பார்த்தாள், அதற்குள் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நான் காட்டுக்குப் போகாவிட்டால் கடலை காய்ந்துவிடும். கட்டாமல் போனால் கிணறு, கட்டினால் உங்கள் பேச்சு. மூன்றாவது வழி ஒன்று தெரிந்தால் எழுதுங்கள், கற்றுக்கொள்கிறேன்.

சாப்பிடுகிறாளா?

மருதாத்தாள்


மூணாறு
28.9.1974

அன்புள்ள மருதா,

பதில் போடத் தாமதம். எழுதுவதற்கு முகம் இல்லை.

இங்கும் ஐந்து வயதுதான் கணக்கு. காப்பகத்தில் சேர்க்க முடியாது என்றுவிட்டார்கள். லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கு ஒரு நாள் பார்த்தார்கள். பிறகு அவரவர் வேலை அவரவருக்கு. ஒரு நாள் ஃபாக்டரியில் மோட்டார் புகைகிறது என்று ஆள் ஓடிவந்தான். போனேன். பாதி வழியில்தான் என் கை என்ன செய்துவிட்டு வந்திருக்கிறது என்று உறைத்தது. என் வேட்டியால் அவளைக் கட்டில் காலில் கட்டியிருந்தேன். ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன் மருதா. உன்னைக் கேட்ட கேள்வி ஒவ்வொன்றும் திரும்பி வந்தது.

அழுகை கேட்டு ஆயா இருதயம்மாள் உள்ளே போய் அவிழ்த்துத் தூக்கியிருக்கிறார். நான் வந்ததும், "ஏ தம்பி, எவன் கேட்டாலும் இவளுக்கு நாலு வயசுன்னு சொல்லு. மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றார். போன வாரம் ஆபீசர் வந்து வயது கேட்டாராம். "நாலு" என்று ஆயா சொன்னாராம். ஆபீசர் பூவாவின் வாயில் பால்பல் விழுந்து முளைத்த புதுப் பல்வரிசையைப் பார்த்தாராம். "நல்ல வளர்த்தி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

சின்னதுகள் அவள் முடியைப் பிடித்து இழுக்கின்றன. கெக்கெக்கென்று சிரிக்கிறாள். நீ கவலைப்படாதே, ஒரு நாள்கூட உன்னைத் தேடி அழவில்லை. தீபாவளிக்குக் கொண்டுவந்து விடுகிறேன். பேசியதை மன்னித்துவிடு.

உன் சென்னிமலை


எருத்தேன்பதி
4.10.1974

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களை மன்னிக்க எனக்கு ஒன்றும் இல்லை. கட்டில் காலை நினைத்து மருகாதீர்கள். அந்தக் கையின் வேகம் எனக்குத் தெரியும்.

தேடி அழவில்லை என்று எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு நான் அழுதேன். ஆனால் இன்னொன்று இருக்கிறது. சொன்னால் திடுக்கிடுவீர்கள், நானே திடுக்கிட்டுத்தான் போயிருக்கிறேன். நானும் அவளைத் தேடி அழவில்லை. முதல் நாலு நாள் பித்துப் பிடித்த மாதிரி கிடந்தேன். அதற்கப்புறம் ஒரு நாள் விடிந்தது தெரியாமல் தூங்கினேன். சோறு ஆறுவதற்குள் சாப்பிட்டேன். நாச்சம்மாளோடு கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்குப் போய் வளையல் போட்டுக்கொண்டேன். வளையல்காரர் என்னவோ சொல்ல, நான் சத்தமாகச் சிரித்தேன். அந்தச் சத்தம் யாருடையது என்று ஒரு நிமிஷம் புரியவில்லை. உடனே வாயைப் பொத்திக்கொண்டேன். பெற்ற பிள்ளை பக்கத்தில் இல்லாமல் இருப்பது ஒருத்திக்கு இவ்வளவு நன்றாக இருக்குமா மாமா?

தீபாவளிக்கு அவளைக் கொண்டுவர வேண்டாம். கடலை பிடுங்கி முடியட்டும். அதை விற்றுக் கிணற்றுக்குச் சுவர் எழுப்பிவிட்டு, தையில் நானே வந்து கூட்டிக்கொள்கிறேன். கோடையில் மறுபடி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இதை இருதயம்மாளிடம் மட்டும் சொல்லுங்கள். அவர் தப்பாக நினைக்க மாட்டார்.

அந்தச் சேலையைத் துவைத்து உடுத்திக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அடுத்த கடிதத்தில், பூவா என்னைத் தேடுகிறாள் என்று ஒரு வரி எழுதுங்கள். பொய்யாக இருந்தாலும் எழுதுங்கள்.

உங்கள்
மருதாத்தாள்