பாண்தூள் போட்ட கோழி

ஒரேத்தோ, பலெர்மோ
12.10.2006

அன்புள்ள குகனேஸ்வரிக்கு,

லண்டனில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். எனக்கு இன்னமும் ஸ்ஃபெர்ராகவால்லோ மீன் சாப்பாட்டுக் கடையின் குசினியில்தான் வேலை. தொலைபேசியில் கதைத்தால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு, முதலில் நானும் பிறகு நீயும் பராமரித்த வயதான சின்யோராவின் மகள் அகஸ்ரீனா அந்தக் கடைக்குச் சாப்பிட வந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். யாழ்ப்பாணத்தில் கலியாணம் செய்து அங்கேயே தங்கிவிட்டாய் என்றல்லவா இருந்தோம் என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். உன் பெயரைச் சொன்னார்.

லிபெர்த்தா வீதி வீட்டில் சின்யோரா மனுசியோடு நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியும். பலெர்மோவில் குண்டு விழுந்த காலத்தில் அவருடைய தாய் கையளவு இறைச்சியை வீடு முழுவதற்கும் காணச்செய்ய மெல்லிசாகத் தட்டி, காய்ந்த ரொட்டிப் பாணை உதிர்த்து உள்ளே வைத்துச் சுருட்டி, மேலேயும் பாண்தூள் பிரட்டி, குச்சியில் கோத்துச் சுடுவாராம். யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்காலத்தில் நாங்கள் சாப்பிட்டதை நான் சொல்லுவேன். நான் மாட்டிறைச்சி தொடமாட்டேன் என்று அறிந்து, வாழ்நாள் முழுக்க மாட்டிறைச்சியில் செய்தவர் எனக்காகக் கோழியில் செய்யப் பழகினார்.

போன வருடம் அம்மாவுக்கு வருத்தம் கடுமையாகி ஊருக்குப் போனபோது, என் இடத்தில் உன்னை விட்டுப் போனேன். மனுசி வாய்க்கு ருசியில்லாமல் இருக்கக்கூடாது என்று பாண்தூள் பிரட்டுவதையும் காட்டித் தந்தேன். அம்மாவின் காரியங்களை முடித்துத் திரும்பி வந்த அன்று நீ சொன்னாய்: "மனுசிக்கு நினைவு தப்பிப்போச்சு, அக்கா. உங்களைக் கண்டால் பயந்து அழுவா. அங்கை போகாதேங்கோ." ஒரே அறையில் படுத்தவள் சொன்னதை நான் ஏன் சந்தேகிக்கப் போகிறேன்?

சின்யோராவுக்குக் கடைசிவரை நினைவு தப்பவில்லையாம். நீ அந்தக் கோழியைச் சுட்டு வைக்கும் நாளெல்லாம் குசினிப் பக்கம் பார்த்து, என் பெயரைச் சொல்லி, பூசணி வந்துவிட்டாளா என்று கேட்பாராம். நீ இல்லையென்று தலையாட்டுவாயாம். அப்போது நான் ஒரு பேருந்துத் தூரத்தில் இருந்தேன். அவர் செத்துப்போன செய்தியையும் நீதான் வந்து சொன்னாய். அடக்கம் முடிந்துவிட்டது என்றாய். நான் உன் தோளில் விழுந்து அழுதேன். நீ என் முதுகைத் தடவிக்கொடுத்தாய். அந்தக் கையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

வேலையைக் கேட்டிருந்தால் தந்திருப்பேன். உனக்குப் பிள்ளைகள், எனக்கு ஒருவரும் இல்லை. காலையில் நீ, பின்னேரம் நான் என்று பிரித்துக்கொண்டிருக்கலாம். ஒரே ஒருமுறை என்னை அவருக்குக் காட்டியிருந்தால் உனக்கு என்ன குறைந்திருக்கும்?

அகஸ்ரீனாவிடம் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பாஷை விளங்காமல் ஏதோ பிழை நடந்துவிட்டது என்றேன். உனக்காக அல்ல. தாயைக் கடைசிவரை பார்த்தவள் என்று உன் படத்தை அவர் வீட்டில் வைத்திருக்கிறார். செத்தவருக்கு ஊட்டிய கை பொய்க்கை என்று மகளுக்கு எப்படிச் சொல்வேன்?

நீ செய்தது உன் பிள்ளைகளைத் தொடாமல் இருக்கட்டும். அவர்கள் நல்லாகப் படித்து நல்லாக இருக்கட்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன். இனி யாராவது உன்னை நம்பி ஓர் உயிரை ஒப்படைத்துவிட்டுப் போனால், அவர்கள் திரும்பி வரும்போது கதவைத் திறந்துவிடு.

நாகபூசணி