எனக்கு வாய்த்த காவலர்

சியெனா, புனித மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள்.

அன்பு மகன் லொத்தியேரிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை தெஸ்ஸாவும் மாதாவின் தயவில் சுகம். நீயும் சுகம்தான் என்று, உன் வேட்டை வல்லூறு இறகு உதிர்ப்பதைப் பற்றி நான்கு பக்கம் எழுதியதிலேயே தெரிந்துகொண்டேன். நான் கேட்டது அதையா? அப்பா போனபின் எந்தப் பத்திரத்துக்கும் என் பக்கத்தில் ஓர் ஆண் காவலராக நின்று சம்மதம் சொல்ல வேண்டும் என்பது உனக்குத் தெரியாதா? என் அம்மா எனக்குத் தந்த மாவு ஆலையைத் தெஸ்ஸாவுக்குச் சீதனமாக எழுத வேண்டும், சீதனம் இல்லையென்றால் அவளுக்குக் கன்னியர் மடம்தான், நேரில் வா என்று மூன்று கடிதம் போட்டேன். நம் கோட்டையை எதிரிகள் வளைத்துக்கொண்ட மூன்று மாதமும் மதில்மேல் நின்று ஆட்களை ஏவியவள் நான். அன்றைக்கு எவனும் காவலர் எங்கே என்று கேட்கவில்லை.

நேற்றுதான் மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த கெடு. பத்திரம் எழுதுபவர் வீட்டுக்குப் போனால் உன் சித்தப்பா ரனுச்சோ முன்னாடியே வந்து உட்கார்ந்திருக்கிறார். "அண்ணி, உங்க புள்ளைக்கு வேட்டைக்கே நேரம் பத்தல. நான் நிக்கிறேன். ஆனா ஆலை வெளியில போகக் கூடாது, பொண்ணை மடத்துல விட்டுருங்க" என்றார். எனக்கு வந்ததே கோபம். எந்த ஆண் நின்றாலும் செல்லுமா என்று எழுத்தரைக் கேட்டேன், செல்லும் என்றார். சன்னலைத் திறந்து, கீழே கோவேறு கழுதைக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த நம் நூத்தோவைக் கூப்பிட்டேன். அவன் கைகூடக் கழுவாமல் வந்து, "ஆலை பாப்பாவுக்குத்தானே? சம்மதம்" என்றான். சித்தப்பா விடைகூடப் பெறாமல் எழுந்து போனார்.

அதோடு விட்டதா? பத்திரம் முடிந்ததும் பதவியும் முடிந்தது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. இன்று காலை ஆலைக்குக் கிளம்பினால் குதிரைக்கு முன்னால் வந்து நிற்கிறான். "மழை வருதும்மா, உங்களுக்கு நெஞ்சுச்சளி இன்னும் போகல. நான் விட மாட்டேன், நான்தான பொறுப்பு" என்கிறான். முப்பது வருடமாக என் முன்னால் தலை நிமிராதவன். திட்டத்தான் வாயைத் திறந்தேன், முடியவில்லை. இறங்கி உள்ளே வந்து இதை எழுதுகிறேன். சளியைப் பற்றி உனக்கும் மூன்று கடிதத்திலும் எழுதியிருந்தேன்.

ஆண்டவர் உன்னை நன்றாக வைக்கட்டும். கம்பளி போட்டுக்கொள். மூவரசர் திருநாள் கழிந்த ஞாயிறு கல்யாணம், அதற்காவது வந்து சேர்.

நூத்தோவின் பொறுப்பில் இருக்கும்
உன் அம்மா,
அதலாசியா