பழசு என்று சொல்லிவிட்டேன்

அன்புள்ள மச்சானுக்கு, ஸலாம்.

கேம் பெட்டி கெட்டுப்போன அன்று வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், நம் மாஹிரா, எதிர்வீட்டுக் கன்னியம்மா. வேறு யாரும் இல்லை.

நீங்கள் ஓவர்டைம் பார்த்துச் சவூதியிலிருந்து அனுப்பிய வீடியோ கேம் பெட்டியில், புதுவாயல் கடையில் விற்கும் காப்பி சிடி ஓடாது. உள்ளே ஒரு சிப் வைத்தால் ஓடும் என்றார்கள். அது மார்க்கத்தில் ஆகுமானதா என்று யோசித்தேன். பிள்ளை கேட்டதும் யோசிப்பதை விட்டுவிட்டேன். ரேடியோவுக்கு நானே சால்டர் வைத்துப் பழகியவள் என்ற திமிர். பிஸ்மில்லாஹ் சொல்லி உட்கார்ந்து, மிக்ஸி ஒயருக்கு வைத்திருந்த தடித்த சால்டர் அயர்னையே சிப்பின் முடி போன்ற கம்பியில் வைத்தேன். ஈயம் பரவி, பெட்டிக்குள் பலகையில் இருந்த செப்புக்கோடே உரிந்து வந்துவிட்டது. அதன் பிறகு பெட்டி ஓடவே இல்லை.

"இன்னாக்கா, கருவாடு சுடுறியா?" என்று கன்னியம்மா சிரித்தாள். மாஹிரா அழுதாள். பிஸ்மில்லாஹ் சொன்ன அதே வாயால், "உங்க வாப்பா பழச வாங்கி அனுப்பிக்கிறாரு, அதான்" என்றேன்.

வீட்டுக் கணக்கில் ஒரு தீப்பெட்டியைக்கூட விடாமல் எழுதும் நான், இதை உங்களிடம் மறைத்தேன். வெள்ளிக்கிழமை ஃபோனில், மாஹிரா தூங்குகிறாள் என்றேனே, பக்கத்தில்தான் நின்றாள். "பழசு அனுப்புனவரு கூட நா பேசமாட்டேன், போ" என்றாள்.

இந்த உறையை நான் ஒட்டவில்லை. படித்துவிட்டுத் தபாலில் சேர்க்கச் சொல்லி அவளிடம்தான் கொடுக்கிறேன். இரண்டு பேரும் எனக்குச் சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி