கிரவுண்ட் ஸ்கூல் தேடும் டிரைவிங் டீச்சர்

மார்ச் 4, புதன்

இன்று காலை என்னிடம் கார் ஓட்டப் பழகியவர்கள் மூன்று பேர். அத்தனை பேரும் உயிரோடு வீடு திரும்பினோம்.

விமானம் ஓட்டப் படிக்கப் போவதை நாத்தனாரிடம் சொல்லியாகிவிட்டது. "பறக்கப் போறவளுக்குத் தரையில எதுக்கு ஸ்கூல்?" என்றாள். வானிலை, வழிகணிப்பு எல்லாம் பரீட்சை எழுதித் தேறினால்தான் பயிற்சிக்கு எடுப்பார்கள் என்று விளக்கினேன். "அப்ப இன்னும் நிச்சயமில்லைன்னு சொல்லு." அவள் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்.

ஆனால் பொய்யில்லையே. தனியாகப் படித்து எழுதி, போன முறை அந்த இரண்டிலும் மண்ணைக் கவ்வினேன். பறக்கும் பயிற்சி நிலையத்தில் எனக்கு வைத்திருக்கும் இடம் இந்த வருடக் கடைசிவரைதான். மறுபடி கோட்டைவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். நல்ல கிரவுண்ட் ஸ்கூலாகப் பார்க்க வேண்டும்.

மார்ச் 7, சனி

கண்ணாடிக் கட்டடத்தில் ஒரு பள்ளி. மாணவர்கள் தோளில் எல்லாம் தங்கப் பட்டை. ஒருத்தர்கூட இன்னும் விமானத்தில் ஏறவில்லை! "எங்ககிட்ட சேர்ந்தாலே பாஸ் ஆன மாதிரிதான் மேடம்" என்றார் மேலாளர்.

மாதிரி வகுப்பில் உட்காரவிட்டார்கள். ஆசிரியர் கேள்வியைப் பாதி படிப்பதற்குள் வகுப்பே "சி!" என்று கத்துகிறது. அடுத்த கேள்விக்கு "ஏ!" ஏன் என்று கேட்டேன். கல்யாண வீட்டில் ஒப்பாரி வைத்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

தொழில்காரிக்குத் தொழில் தெரியாதா? மனசுக்குள் கைதட்டினேன். நானும் இப்படித்தானே ரிவர்ஸ் சொல்லித் தருகிறேன்: எங்கள் காரின் பின்கண்ணாடியில் ஒரு சிவப்புப் பொட்டு, அது டெஸ்ட் மைதானத்துக் கம்பத்துக்கு நேராக வந்ததும் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்க வேண்டும். லைசென்ஸ் டெஸ்டில் என் ஆட்கள் தோற்றதே கிடையாது.

மார்ச் 8, ஞாயிறு

முடிவு செய்தாயிற்று, கண்ணாடிக் கட்டடமேதான். வீட்டுக்காரர் கையில் கரண்டியோடு "சரிங்க கேப்டன்" என்று சல்யூட் அடித்தார்.

மார்ச் 10, செவ்வாய்

சேரக் கிளம்பிய நேரத்தில் போன். போன மாதம் என்னிடம் பழகி லைசென்ஸ் வாங்கிய டெய்லரம்மா. சொந்தக் கார் வாங்கிவிட்டார், அதை வீட்டு கேட்டில் குறுக்காக மாட்டிக்கொண்டு நிற்கிறார். பின்னால் ஒரே ஹாரன் சத்தம். "மேடம், இந்த வண்டியில பொட்டு இல்லையே! எந்த இடத்துல திருப்பறது?"

ஓடினேன். வண்டியை நானே உள்ளே விட்டேன். அவர் முகம் வாடிப்போயிருந்தது. "நீங்க நல்லாத்தான் சொல்லிக் கொடுத்தீங்க. எனக்குத்தான் மண்டையில ஏறல." அம்மா தாயே, அதற்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

வரும் வழியெல்லாம் சிரிப்பு. சிரித்து முடித்ததும் ஒரு யோசனை. பரீட்சையில் கேள்வியை மாற்றிக் கேட்டால்? அதை விடு, மேகத்துக்கு நடுவே மாட்டினால் யாருக்குப் போன் போட்டு ஏயா சியா என்று கேட்பேன்?

சேரவில்லை.

மார்ச் 14, சனி

டயர் கடை மாடியில் இன்னொரு பள்ளி. ஏசி கிடையாது. நடத்துகிறவர் சரக்கு விமானம் ஓட்டியவர், காதுக் கோளாறால் நிறுத்தியவர். என் வயசுதான் இருக்கும். கார்கோ மேடம் என்கிறார்கள். "பாஸ் பண்ணிடுவேனா?" என்று கேட்டேன். "படிச்சா பண்ணுவீங்க." வியாபாரம் தெரியாத மனுஷி!

பலகையில் ஒரு கணக்கு: பக்கவாட்டில் இவ்வளவு காற்று, விமானத்தின் மூக்கை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்பினால் ஊர் போய்ச் சேரலாம்? என்னைப் போடச் சொன்னார். பலகை நிறையப் போட்டேன். அவர் கைகட்டி நின்றார். கடைசியில் என் விமானம் நடுக்கடலில். வகுப்பே சிரித்தது.

எனக்கு வந்ததே ஆத்திரம் — முதல் வரியிலயே தப்புன்னு தெரியுமில்ல, சொன்னா என்ன? கேட்டேவிட்டேன்.

"எப்ப கண்டுபிடிப்பீங்கன்னு பார்த்துட்டிருந்தேன். காத்து எந்தப் பக்கமிருந்து வருது?"

பார்த்தேன். காற்றை எதிர்த்துத் திருப்ப வேண்டிய மூக்கை, அது தள்ளுகிற பக்கமே திருப்பியிருக்கிறேன். அழித்துவிட்டு மறுபடி போட்டேன். விமானம் ஊர் போய்ச் சேர்ந்தது. போன பரீட்சையில் கவிழ்ந்ததும் இதே இடத்தில்தான், இதுநாள்வரை தெரியாமலே இருந்திருக்கிறேன்.

கோபம் இன்னும் தீரவில்லை. சேர்ந்துவிட்டேன்.

ஏப்ரல் 2, வியாழன்

மண்டை காய்கிறது. கண்ணாடிக் கட்டடத்தில் இந்நேரம் "சி" என்று கத்திவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

ஜூன் 20, சனி

காரிலிருந்த பொட்டைச் சுரண்டி எடுத்துவிட்டேன். "டெஸ்ட்ல தோத்தா யார் வருவா?" என்று டிரைவிங் ஸ்கூல் முதலாளி குதித்தார். என் ஆட்களில் ஒருவர் தோற்கவும் செய்தார். அடுத்த வாரம் அவரே வந்து, "கம்பம் இல்லாத இடத்துல பழகலாமா மேடம்?" என்கிறார்.

செப்டம்பர் 22, செவ்வாய்

வானிலை தேறியாச்சு. வழிகணிப்பும்! மார்க் பீற்றிக்கொள்கிற மாதிரி இல்லை. சத்தம் போட்டு அழுதேன், வீட்டுக்காரர் தோற்றுவிட்டேன் என்று நினைத்துத் தண்ணீரோடு ஓடிவந்தார். நாத்தனாருக்கு நானே போன் போட்டேன். "என்னை முதல்ல கூட்டிட்டுப் போவியா?" என்கிறாள்.

நவம்பர் 9, திங்கள்

முதல் முறை விமானத்தில். பயிற்சியாளர் சின்னப் பையன், என்னை அக்கா என்கிறான். மேலே போனதும் கட்டுப்பாட்டை என்னிடம் கொடுத்து, கீழே தெரியும் ரயில் பாதையை விடாமல் பிடித்துக்கொண்டே போகச் சொன்னான். கொஞ்ச தூரத்தில் பாதை மெல்ல இடப்பக்கமாக விலகியது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தேன். இடப்பக்கமிருந்து காற்று. மூக்கை இடப்பக்கம் சற்றே திருப்பினேன். பாதை திரும்பி வந்து எனக்கு நேர் கீழே நின்றது.

சரியா என்று கேட்கத் திரும்பிப் பார்த்தேன். பையன் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.