மஞ்சள் தண்ணீர் குடித்த ஓடைச் செடி

அன்பு மச்சானுக்கு,

நீ போன இடத்திலும் இப்படித்தான் வெயிலா? இங்கே மலாக்கா ரெம்பியா எஸ்டேட்டில் தகரக் கூரை மேல் அப்பளம் பொரிக்கலாம். இந்தச் சூட்டில்தானே நீ லேடாங் மலையடி ஓடையிலிருந்து தண்ணீருக்குள் முளைக்கிற செடியைப் பிடுங்கி வந்து கண்ணாடித் தொட்டியில் வளர்த்தாய்! "புல்லுக்குக் குடித்தனம் வைக்கிற ஆளப் பாருங்க லா" என்று லயத்து வரிசை வீடெல்லாம் சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

குளிர்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. கருமாதி முடிந்ததும் உன் தங்கை, என் வீட்டுக்காரி செல்லம்மா, மூலைக்கு மூலை மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். மிச்சத்தைத் தொட்டிக்குள் ஊற்றிவிட்டாள். "அண்ணன் ஆசையா வச்சது, அதுக்கும் தீட்டுக் கழியட்டும்" என்றாள். எனக்கும் அது சரியென்றே பட்டது.

சில நாளில் இலையெல்லாம் குழைந்து நாறியது. செல்லம்மா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டாள். "அண்ணன ரெண்டாந்தரமா நானே அனுப்பிட்டேன்" என்றவள், அதற்குப் பிறகு யாரோடும் பேசவில்லை. உன்னை இழந்தாயிற்று, இவளையும் இழந்துவிடுவேனோ என்று பயந்துபோனேன், மச்சான்.

அழுகியதைக் கிள்ளி எறிந்தேன். வேர் மட்டும் வெள்ளையாக இருந்தது. புதிதாகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, தொட்டியை வாழை நிழலுக்கு மாற்றி, தண்ணீர் சூடேறாமல் இருக்க நீ செய்வது போலவே ஈரச் சாக்கைச் சுற்றினேன். காயக் காய நனைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, தொட்டிக்கும் காய்ச்சலா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன், வேறென்ன சொல்ல?

நேற்றுக் காலை முகம் கழுவப் போன செல்லம்மா கூப்பிட்டாள். "இங்க வாங்களேன்!" அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! வேரோரம் நெல் நுனியளவு பச்சை. இருவரும் குந்தி உட்கார்ந்து அழுதோம், சிரித்தோம். மத்தியானம் கருவாட்டுக் குழம்பு வைத்து, இரண்டாம் தடவையும் சோறு போட்டுக்கொண்டாள். இதெல்லாம் அங்கே உனக்குத் தெரிந்திருக்குமா?

இது கிளைத்ததும் மலாக்கா டவுனில் கண்ணாடி வாங்கி இன்னொரு தொட்டி கட்டுவேன். ஒரு இலையையும் வாடவிட மாட்டேன், இது சத்தியம். ஆனால் உன் தங்கை விடவேண்டுமே! முளையைத் தொட்டுப் பார்க்க விரல் நீட்டினேன், பட்டென்று கையில் ஒன்று வைத்தாள்.

"கைய எடுங்க! உங்க சூட்டுல தண்ணி கொதிச்சிரும். எங்கண்ணன் செடி இது!"

வலித்தது மச்சான். என்ன சுகமாக வலித்தது!

இப்படிக்கு,
உன் தங்கையிடம் மறுபடியும் அடிவாங்கத் தொடங்கிவிட்ட மாப்பிள்ளை,
பெருமாள்